துருவக் கோடையின் கடுங்குளிர்: 85 கிலோமீட்டர் உயரத்தில் காற்றும் அலைகளும்

துருவப் பகுதியில் கோடை மாதங்களில் சூரியன் மறைவதே இல்லை. அப்படியிருந்தும் தரையிலிருந்து 85, 90 கிலோமீட்டர் உயரத்தில் ஆண்டின் மிகக் கடுமையான குளிர் கோடையில்தான் நிலவுகிறது என்று படித்ததாகவும், அங்கே காற்று மெலிந்து வெப்பத்தைத் தாங்க இயலாததுதான் காரணமா, அவ்வளவு உயரத்தில் இதை எப்படி அளந்தார்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். காற்று மெலிந்திருப்பது உண்மை. ஆனால் குளிர்காலத்திலும் அது மெலிந்துதான் இருக்கிறது. ஆகவே இரு பருவங்களுக்கு இடையிலான வேறுபாட்டை மெலிவைக் கொண்டு விளக்க முடியாது. உங்கள் கேள்வியின் உள்ளே இருப்பது வேறொன்று: இருபத்துநான்கு மணி நேரமும் வெயில் விழும் ஓரிடத்திலிருந்து வெப்பத்தை எது பறிக்கிறது, இருளில் கிடக்கும் மறு துருவத்தில் அதே உயரத்தை எது அதைவிடச் சூடாக வைத்திருக்கிறது? இரண்டுக்கும் விடை காற்றின் ஓட்டம். அந்த ஓட்டத்தை நடத்துபவை, கீழே நம் வானிலையில் பிறந்து மேலேறி உடையும் அலைகள். இந்த உயரத்துக் காற்றைப் பற்றிய ரேடார் பதிவுகளை ஆராய்வது என் தொழில் என்பதால் சற்று நீட்டியே எழுதுகிறேன். எது உறுதி, எது இன்னும் வாதத்தில் இருக்கிறது என்பதையும் ஆங்காங்கே பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாதவை. துருவத்தில் தரையிலிருந்து சுமார் 8 முதல் 10 கி.மீ. வரை வானிலை நிகழும் கீழடுக்கு. அதற்கு மேல் 50 கி.மீ. வரை ஓசோனைக் கொண்ட மீள் அடுக்கு (ஸ்ட்ராட்டோஸ்பியர்). 50 முதல் 90 கி.மீ. வரை இடையடுக்கு (மீசோஸ்பியர்), அதற்கும் மேலே வெப்ப அடுக்கு. சூரியன் எங்கே அதிகம் காய்கிறதோ அங்கே சூடு என்ற எண்ணம் 50 கி.மீ. உயரத்தில் முற்றிலும் சரியாகவே இருக்கிறது. கோடைத் துருவத்தின் மேல் ஓசோன் இடைவிடாது புற ஊதாக் கதிரை உறிஞ்சுவதால் அங்கே வெப்பநிலை உறைநிலையைத் தாண்டி 10 டிகிரி செல்சியஸ் அளவுக்குப் போகிறது. அந்த உயரத்தில் உலகிலேயே சூடான இடம் அதுதான். ஆனால் அதே இடத்திலிருந்து இன்னும் 40 கி.மீ. போல மேலே சென்றால் வெப்பநிலை மைனஸ் 140 டிகிரியை ஒட்டி இறங்கிவிடுகிறது. பூமியின் வளிமண்டலத்தில் இயற்கையாக நிலவும் மிகக் குறைந்த வெப்பநிலை அது. உறிஞ்சப்படும் சூரிய ஆற்றலையும் கார்பன் டை ஆக்சைடு அகச்சிவப்புக் கதிராக வெளியேற்றும் ஆற்றலையும் மட்டும் வைத்துக் கணக்கிட்டால், அங்கே மைனஸ் 60 டிகிரி அளவில்தான் இருக்க வேண்டும். குளிர்காலத்திலோ அதே உயரத்தில், வெயிலே இல்லாதபோதும், மைனஸ் 70 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கிறது. கணக்கிலிருந்து எண்பது டிகிரி விலகும் ஓரிடத்தில் கதிர்வீச்சைத் தவிர வேறொன்று வேலை செய்கிறது என்பதில் இன்று யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இதன் முதல் சான்று எந்தக் கருவியும் இல்லாமலே கிடைத்தது. 1885ஆம் ஆண்டுக் கோடையில் ஐரோப்பாவில் பலர், சூரியன் மறைந்து வெகு நேரமான பின்னும் வெள்ளி நிறத்தில் ஒளிரும் மெல்லிய மேகங்களைக் கண்டு எழுதினார்கள். ஜெர்மனியைச் சேர்ந்த ஓட்டோ யெஸ்ஸே இரண்டு இடங்களிலிருந்து அவற்றைப் படமெடுத்து, உயரம் 82 கி.மீ. என்று கணக்கிட்டார், இன்றைய லேசர் அளவீடுகள் தரும் 83 கி.மீ.க்கு அது வியக்கத்தக்க அளவுக்கு நெருக்கமானது. இந்த இரவொளிர் மேகங்கள் நுண்ணிய பனித்துகள்களால் ஆனவை. அங்குள்ள நீராவி பத்து லட்சத்தில் சில பங்குதான். அந்த வறண்ட காற்றில் பனி உருவாக வேண்டுமானால் வெப்பநிலை மைனஸ் 120 டிகிரிக்கும் கீழே போக வேண்டும். வடக்கே மே இறுதி முதல் ஆகஸ்ட் வரையிலும், தெற்கே நவம்பர் இறுதி முதல் பிப்ரவரி வரையிலும் மட்டுமே, அதாவது அந்தந்தத் துருவத்தின் கோடையில் மட்டுமே, அவை தோன்றுகின்றன. 1960களில் ராக்கெட்டுகளிலிருந்து வெடிகளை வெடிக்கச் செய்து, ஒலி தரையை அடையும் நேரத்தைக் கொண்டு வெப்பநிலையைக் கணித்தார்கள். பின்னர் நார்வேயின் ஆண்டோயா தளத்திலிருந்து, ராக்கெட்டிலிருந்து விழும் கோளங்கள் வேகம் குறையும் விதத்தை ரேடாரால் தொடர்ந்து, அதிலிருந்து காற்றின் அடர்த்தியையும் வெப்பநிலையையும் பெற்றார்கள். 2007இல் ஏவப்பட்ட ‘எய்ம்’ செயற்கைக்கோள் இந்த மேகங்களுக்காகவே அனுப்பப்பட்டது. முறைகள் வெவ்வேறு, விடை ஒன்றே.

இனிக் காரணம். மேலேறும் காற்று, அழுத்தம் குறைவதால் விரிகிறது; விரியும் காற்று குளிர்கிறது. சைக்கிள் டியூபின் வால்வைத் திறந்தால் சீறி வரும் காற்று விரலில் சில்லென்று படுவதற்கும் இதற்கும் அடிப்படை ஒன்றுதான். ஒரு கிலோமீட்டர் ஏறினால் ஏறக்குறைய 10 டிகிரி குறையும். கோடைத் துருவத்தின் மேல் காற்று வினாடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில் ஏறினாலே போதும். நாளொன்றுக்கு 860 மீட்டர், அதாவது நாளொன்றுக்கு சுமார் 8 டிகிரி குளிர்ச்சி. வாரக்கணக்கில் இது தொடரும்போது, கதிர்வீச்சு தரக்கூடிய வெப்பம் அதற்கு ஈடு கொடுக்க இயலாமல், வெப்பநிலை மிகத் தாழ்ந்த ஒரு நிலையில் போய் நிற்கிறது. இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. வினாடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற இந்த மேலேற்றத்தை நேரடியாக யாரும் நம்பத்தக்க வகையில் அளந்ததில்லை. அங்கே மேலும் கீழுமாக நொடிக்கு நொடி நிகழும் அசைவுகளே வினாடிக்குச் சில மீட்டர் இருப்பதால், அவற்றின் நடுவில் இந்தச் சராசரி புதைந்துபோகிறது. வெப்பநிலையிலிருந்தும் கிடைமட்டக் காற்றிலிருந்தும் உய்த்துணர்ந்த எண் அது. ஆனால் இரு வழிகளும் ஒத்துப்போகும்போது அதை ஏற்பதில் தயக்கம் இருக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

கிடைமட்டக் காற்றை அளக்க முடிகிறது. கோடையில் 85 முதல் 90 கி.மீ. உயரத்தில், துருவத்திலிருந்து நிலநடுக்கோட்டை நோக்கி வினாடிக்கு சுமார் 10 மீட்டர் வேகத்தில் காற்று வெளியேறிக்கொண்டே இருக்கிறது. அது வெளியேறும் இடத்தை நிரப்பத்தான் கீழிருந்து காற்று ஏறுகிறது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. சுழலும் பூமியில் வட துருவத்திலிருந்து தெற்கே ஓடும் காற்றை கொரியாலிஸ் விசை வலப்புறம், அதாவது மேற்கு நோக்கித் திருப்பும். வினாடிக்கு 10 மீட்டர் ஓட்டத்துக்கு அந்தத் திருப்பம், காற்றின் மேற்குநோக்கிய வேகத்தை ஒவ்வொரு நாளும் வினாடிக்கு 100 மீட்டருக்கும் மேலாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். அப்படி நடக்கவில்லை. ஆகவே ஏதோ ஒன்று ஏறக்குறைய அதே அளவு வலிமையோடு காற்றைக் கிழக்கு நோக்கித் தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். 1964இல் வளிமண்டல ஆய்வாளர் கான்வே லியோவி தன் கணித மாதிரியில் ஓர் உராய்வு விசையைச் சேர்த்துப் பார்த்தபோது, கோடைத் துருவம் குளிர்ந்தது, குளிர்காலத் துருவம் சூடானது. ஆனால் அந்த உயரத்தில் அவ்வளவு உராய்வைத் தரக்கூடிய பொருள் எதுவும் இல்லை. விடை சரியாக வந்தது. காரணம் கையில் இல்லை. அந்த நிலை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீடித்தது.

இடைவெளியை நிரப்பியவை வளிமண்டல ஈர்ப்பு அலைகள். கருந்துளைகள் மோதும்போது பிறப்பதாகச் செய்திகளில் வரும் அலைகளுக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை. மலையைத் தாண்டும் காற்று, இடிமேகத்தின் எழுச்சி, புயல் முகப்பு, வளைந்து ஓடும் மேல்வளிப் பாய்வு (ஜெட் ஓட்டம்) ஆகியவை காற்றுக் கட்டியை அதன் இயல்பு உயரத்திலிருந்து நகர்த்தும்போது, புவியீர்ப்பு அதைக் கீழே இழுக்க, மிதப்பு மேலே தள்ள, அந்த ஊசலாட்டம் அலையாகச் சாய்ந்து மேலேறுகிறது. அலைவுநேரம் ஐந்து நிமிடத்திலிருந்து, உயர் அட்சரேகைகளில் 12, 13 மணி நேரம் வரை இருக்கலாம். அலைநீளம் பத்து கிலோமீட்டராகவும் இருக்கலாம், ஆயிரமாகவும் இருக்கலாம். இவை அயனி மண்டல உயரம் வரை எட்டுகின்றன என்பதை காலின் ஹைன்ஸ் 1960இல் வாதிட்டு நிறுவினார். அலை ஏறும்போது சுற்றியுள்ள காற்று மெலிந்துகொண்டே போகிறது, 85 கி.மீ.இல் அடர்த்தி தரையில் இருப்பதில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆற்றல் காக்கப்பட வேண்டுமானால் வீச்சு வளர வேண்டும். ஆகவே கீழே வினாடிக்குச் சில சென்டிமீட்டர் அசைவாக இருந்தது மேலே பத்து, இருபது மீட்டராகப் பெருகி, ஒரு கட்டத்தில் தன் வீச்சைத் தானே தாங்க முடியாமல் உடைகிறது. உடையும் இடத்தில் அது சுமந்து வந்த உந்தத்தைக் காற்றிடம் கொடுத்துவிடுகிறது. 1981இல் ரிச்சர்ட் லிண்ட்சனும், 1982இல் தாரோ மட்சுனோவும் ஜேம்ஸ் ஹோல்டனும் எழுதிய ஆய்வுகள், லியோவியின் பெயர் தெரியாத உராய்வு இதுதான் என்பதைத் தெளிவாக்கின.

எல்லாத் திசைகளிலும் கிளம்பும் அலைகள் ஏன் ஒரே திசையில் தள்ள வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். உண்மையில் முழு விஷயத்தின் உயிர்ப்பகுதி அதுதான். அலையின் வேகமும் திசையும் ஏதாவது ஓர் உயரத்தில் அங்கு வீசும் காற்றோடு பொருந்திவிட்டால், அலை அங்கேயே உறிஞ்சப்பட்டுவிடும். கோடையில் மீள் அடுக்கிலும் இடையடுக்கின் கீழ்ப்பகுதியிலும் காற்று மேற்கு நோக்கி வீசுகிறது. ஆகவே மேற்கு நோக்கிச் செல்லும் அலைகள் வழியிலேயே மடிய, கிழக்கு நோக்கிச் செல்பவை தப்பி 85 கி.மீ.யை அடைந்து உடைகின்றன. அவை கொடுக்கும் கிழக்குத் தள்ளுதல்தான் நாம் தேடியது. அந்தத் தள்ளுதலின் வலிமை எவ்வளவென்றால், கோடையில் சுமார் 88 கி.மீ.க்கு மேல் காற்றின் திசையே கிழக்காகத் திரும்பிவிடுகிறது; எந்தத் துருவ ரேடாரின் ஜூலைப் பதிவைப் பார்த்தாலும் இந்தத் திருப்பம் முதற்பார்வையிலேயே தெரியும். குளிர்காலத்தில் எல்லாம் தலைகீழ். கீழே காற்று கிழக்கு நோக்கி வீசுவதால் மேற்கு அலைகள் தப்புகின்றன, மேலே மேற்குத் தள்ளுதல் கிடைக்கிறது, காற்று துருவம் நோக்கி ஓடி அங்கே கீழிறங்குகிறது, இறங்கும் காற்று அழுந்திச் சூடாகிறது. வெயிலே படாத துருவ இரவில் 50 கி.மீ.யை ஒட்டி ஒரு வெப்ப உச்சம் இருப்பதற்கும் இந்த இறக்கமே காரணம்.

இந்த விளக்கத்தில் எனக்கு இருக்கும் உறுதிக்கு முதன்மையான காரணம் சமன்பாடு அல்ல. இயற்கையே அவ்வப்போது செய்து காட்டும் ஒரு சோதனைதான். மலைத்தொடர்களாலும் நில-கடல் வெப்ப வேறுபாட்டாலும் எழும், பூமியையே சுற்றி வளைக்கும் கோள் அலைகள் என்று வேறொரு இனம் உண்டு. கிழக்கு நோக்கி, அதுவும் மிதமாக, வீசும் காற்றின் ஊடாகத்தான் அவை மேலேற இயலும் என்று 1961இல் சார்னியும் டிராசினும் காட்டினார்கள். அதனால் அவை குளிர்காலத்துக்கு உரியவை. அவை மிக வலுத்து மீள் அடுக்கில் உடையும்போது, குளிர்காலத் துருவத்தைச் சுற்றி வீசும் துருவச் சுழல் சில நாட்களில் நிலைகுலைந்து, வெப்பநிலை 40, 50 டிகிரி எகிறி, காற்றின் திசையே மாறிவிடும். 1952இல் பெர்லினில் ரிச்சர்ட் ஷெர்ஹாக் முதலில் கண்டறிந்த இந்தத் திடீர் வெப்பமாதல், வட துருவத்தில் சராசரியாகப் பத்து ஆண்டுகளில் ஆறு முறை பெரிய அளவில் நிகழ்கிறது. இமயமும் ராக்கி மலைத்தொடரும் போன்ற தடைகள் குறைந்த தெற்கில் அந்த அளவுகோலை எட்டியது 2002 செப்டம்பரில் ஒரே முறைதான். ஓசோன் துளை அப்போது இரண்டாகப் பிளந்தது. 2019 செப்டம்பரில் காற்று வெகுவாகத் தளர்ந்தது, ஆனால் வரையறைப்படி திசை மாறவில்லை. நமக்கு வேண்டியது இதன் மேல்விளைவு. கீழே காற்றின் திசை மாறினால், எந்த அலை தப்பும் என்பதும் மாற வேண்டும் அல்லவா? அப்படியே நடக்கிறது: மீள் அடுக்கு சூடாகும் அதே நாட்களில் இடையடுக்கு பல டிகிரி குளிர்கிறது. 2009 ஜனவரி நிகழ்வுக்குப் பின் வழக்கமான வெப்ப உச்சம் மறைந்து, 80 கி.மீ.யை ஒட்டிப் புதிதாக ஒன்று உருவாகி, வாரக்கணக்கில் கீழிறங்கி வந்தது. வெயிலில் எந்த மாற்றமும் இல்லாத துருவ இரவில் இது நடந்தது என்பதைக் கவனியுங்கள்.

இந்தத் தொடர்பு துருவத்தோடு நிற்பதில்லை. வட துருவத்தில் இத்தகைய நிகழ்வு நடக்கும் ஜனவரி நாட்களில், சந்திரனின் ஈர்ப்பால் வளிமண்டலத்தில், கடலில் போலவே, எழும் ஓதங்கள் வலுப்பெற்று, காந்த நிலநடுக்கோட்டின் மேல் சுமார் 105 கி.மீ. உயரத்தில் ஓடும் மின்னோட்டம் பிற்பகலில் திசை மாறுவதைத் திருநெல்வேலியின் காந்தமானிப் பதிவுகளிலும் கண்டிருக்கிறார்கள். அதைவிட வியப்பானது, குளிர்கால அரைக்கோளத்தின் மீள் அடுக்கு கலங்கியிருக்கும் ஆண்டுகளில் எதிர் அரைக்கோளத்துக் கோடைத் துருவத்தின் மேல் இரவொளிர் மேகங்கள் குறைவது. இந்த ஒத்துப்போதல் தரவுகளில் தெளிவாக இருக்கிறது. ஆனால் அது எந்த வழியாகக் கடத்தப்படுகிறது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. நிலநடுக்கோட்டு இடையடுக்கின் வெப்பநிலை மாற்றம் வழியாக என்பது ஒரு தரப்பு. இரண்டு நாள் அலைவுநேரம் கொண்ட கோள் அலையின் வழியாக என்பது இன்னொரு தரப்பு. இரண்டும் சேர்ந்தே இயங்கக்கூடும் என்று நான் நினைக்கிறேன், ஆனால் இது நினைப்புதான்.

எப்படி அளக்கிறார்கள் என்ற பகுதிக்கு வருகிறேன். பலூன்கள் 40 கி.மீ.யைத் தாண்டுவது அரிது; செயற்கைக்கோள் இவ்வளவு தாழ்வாக நிலைத்துச் சுற்ற இயலாது. எனவே தொலைவிலிருந்து பார்ப்பதே வழி. விண்கற்கள் எரிந்து விட்டுச்செல்லும் மின்னேற்றத் தடங்கள் 80 முதல் 100 கி.மீ. உயரத்தில் காற்றோடு நகர்கின்றன. விண்கல் ரேடார் அவற்றின் நகர்வைக் கொண்டு காற்றை அளக்கிறது. வெயில், மேகம், இருள் எதுவும் அதற்குத் தடையில்லை. ஸ்வீடனின் எஸ்ராஞ்சிலும் அண்டார்க்டிகாவின் ரொதெராவிலும் உள்ள ரேடார்கள் வடக்கிலும் தெற்கிலும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், 68 டிகிரியை ஒட்டி, இருப்பதால் இரு துருவங்களையும் நேருக்கு நேர் ஒப்பிட உதவுகின்றன. சுமார் 2, 3 மெகாஹெர்ட்ஸ் அலைவெண்ணில் இயங்கும் பழைய வகை ரேடார்கள் 60 கி.மீ. வரை கீழே பார்க்கும்; ஆனால் 90 கி.மீ.க்கு மேல் அவை காற்றின் வேகத்தைக் குறைத்துக் காட்டும் இயல்புடையவை, இரு வகைத் தரவுகளையும் கலந்து போக்குகளைப் பேசுவோர் இதை மறந்துவிடுவதுண்டு. அண்டார்க்டிகாவில் உள்ள ஜப்பானின் சியோவா நிலையத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டெனாக்களைக் கொண்ட ‘பான்சி’ ரேடார் இன்னும் நுணுக்கமாகப் பார்க்கிறது. 87 கி.மீ.இல் ஹைட்ராக்சில் (OH) மூலக்கூறுகள் வீசும் ஒளியைக் கொண்டு வெப்பநிலையை அளக்கும் முறை எளிது, மலிவு. ஆனால் அதற்கு இரவு வேண்டும். நமக்கு மிகவும் வேண்டிய துருவக் கோடையில் இரவே கிடையாது.

ஒரே நிலையத்தின் தரவுக்கு வேறொரு தொல்லையும் உண்டு. உயர் அட்சரேகைகளில் சூரிய வெப்பத்தால் எழும் 12 மணி நேர ஓதமே மேலோங்கியது. ஈர்ப்பு அலைகளின் மிக நீண்ட அலைவுநேரமோ 70 டிகிரியில் 12.7 மணி, 78 டிகிரியில் 12.2 மணி. இரண்டும் இவ்வளவு அருகில் இருக்கும்போது, ஓரிடத்துப் பதிவில் தெரியும் அலைவு எதைச் சேர்ந்தது என்று பிரிப்பது பல சமயம் இயலாத காரியம். தென் துருவப் புள்ளியிலேயே அளந்தபோது கிடைத்த 12 மணி நேர அலைவும் இப்படி ஒரு புதிராகவே வந்தது. சூரியனோடு சேர்ந்து நகரும் வழக்கமான ஓதம் அந்தப் புள்ளியில் காற்றாக வெளிப்பட வடிவியல் இடம் தராது. ஆகவே பூமியைச் சுற்றி ஒரே ஒரு முகட்டைக் கொண்ட வேறு வகை ஓதம் அது என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது.

ஐயத்துக்குரியவற்றில் முதலாவது, எந்த அலைகள் எவ்வளவு உந்தத்தைத் தருகின்றன என்பது. பருவநிலை மாதிரிகளின் கட்டங்கள் பெரும்பாலான ஈர்ப்பு அலைகளைவிடப் பெரியவை. எனவே அலைகளின் விளைவை ஒரு சூத்திரமாக நுழைத்து, முடிவு அளவீட்டோடு பொருந்தும் வரை எண்களைச் சரிசெய்கிறார்கள். கோடைத் துருவம் அந்த மாதிரியில் சரியாகக் குளிர்ந்தால் அது மாதிரியின் வெற்றி என்று சொல்லத் தயங்குவேன். தென் ஆண்டிஸ், அண்டார்க்டிக் தீபகற்பம், இடையிலுள்ள டிரேக் நீரிணை ஆகியவற்றின் மேல் குளிர்காலத்தில் இந்த அலைகள் உலகிலேயே மிக வலுவாக இருக்கின்றன; ஆனால் அவற்றில் எத்தனை பங்கு மலையிலிருந்து, எத்தனை பங்கு புயல்களிலிருந்து என்பது இன்னும் தீரவில்லை. உடைந்த அலை அங்கேயே முடிந்துவிடாமல் புதிய அலைகளைப் பிறப்பிக்க, அவை 100 கி.மீ.யைக் கடந்து போகின்றன என்பது அண்மைக் காலத்தில் வலுப்பெற்ற கருத்து; அண்டார்க்டிகாவின் மெக்மர்டோ நிலையத்தில் லேசர் கருவி கண்ட, 3 முதல் 10 மணி நேர அலைவுநேரம் கொண்ட ஓயாத அலைகளை அதனோடு இணைக்கிறார்கள். நான் அதை நம்பும் பக்கம் சாய்கிறேன். அதற்கும் மேலே, 200 கி.மீ.யை ஒட்டி, கதை மாறிவிடுகிறது: அங்கே துருவ ஒளியோடு வரும் மின்னோட்டங்களின் வெப்பமும், மின்புலத்தால் ஓட்டப்படும் அயனிகள் காற்றை இழுப்பதும் சேர்ந்து, வினாடிக்குப் பல நூறு மீட்டர் வேகத்தில் காற்றைத் துருவத்தின் குறுக்கே செலுத்துகின்றன. உங்கள் கேள்வி அந்த உயரத்தைத் தொடாததால் விட்டுவிடுகிறேன்.

கடைசியாக, நீங்கள் கேட்காவிட்டாலும் அடுத்து வரக்கூடிய கேள்வி: பருவநிலை மாற்றத்தால் அங்கே என்ன ஆகிறது? கீழே சூடாக்கும் கார்பன் டை ஆக்சைடு இடையடுக்கைக் குளிர்விக்கிறது. மேலே வெப்பத்தை விண்வெளிக்குக் கதிர்வீசி அனுப்பும் வாயு அதுதான். இதில் ஐயமில்லை. பெருகிவரும் மீத்தேன் மேலே ஆக்சிஜனேற்றம் அடைந்து நீராவியைக் கூட்டுவதால் இரவொளிர் மேகங்கள் பொலிவடையலாம் என்பதும் ஏற்கத்தக்க வாதமே. ஆனால் கோடைத் துருவத்தின் குளிர் கதிர்வீச்சால் மட்டும் அமைவதல்ல என்பதால், அலைகளில் ஏற்படும் சிறு மாற்றம்கூட இந்தப் போக்கை மறைத்துவிடவோ மிகைப்படுத்திவிடவோ முடியும். ராக்கெட் ஏவுதல்கள் விட்டுச்செல்லும் நீராவியும் கணக்கைக் குழப்புகிறது. சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சியோடு இந்த மேகங்களுக்கு முன்பு தெளிவாகத் தெரிந்த தொடர்பு 2000க்குப் பின் மங்கிவிட்டது வேறு. இருபது, இருபத்தைந்து ஆண்டு ரேடார் பதிவுகளில் இரண்டு சூரியச் சுழற்சிகளே அடங்கியிருக்கின்றன. நீண்டகாலப் போக்கை அவற்றிலிருந்து பிரித்தெடுக்க, அதே கருவிகள் அதே இடங்களில் இன்னும் ஒன்றிரண்டு சுழற்சிகளாவது இடைவிடாமல் இயங்க வேண்டும்.